கினோவா வீடு

எங்கள் மலை நகரமான ஓருரோவில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை வீடு இருந்தது. எங்கள் பல்கலைக்கழகம் அதை வாடகைக்கு எடுத்து, ஆறு மாணவர்களைக் குடிவைத்து, வேளாவேளைக்குக் கினோவாத் தானியம் சமைத்துப் போட்டது. தெருவில் எல்லோரும் அதைக் கினோவா வீடு என்றே சொன்னார்கள். கிண்டலாகத்தான். எழுபதுகளில் எங்கள் ஊரில் ஒருவனைப் பார்த்துக் கினோவா தின்கிறவன் என்று சொன்னால் அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவான். அது மலையில் வாழும் பழங்குடிகள் தின்பது, கோழிக்குப் போடுவது. நகரத்து ஆட்கள் ரொட்டியும் சேமியாவும் சாப்பிட்டார்கள்.

அந்த வீட்டின் பின்கட்டில் ஒரு சின்னச் சோதனைக்கூடம். நான் அங்கே வேலை பார்த்தேன். என்ன வேலை என்று என் தங்கைகள் கேட்டால் "தண்ணி பரிசோதனை" என்று சொல்லிவைப்பேன். உண்மையில், அந்த ஆறு பேரும் பாட்டிலில் பிடித்துத் தரும் சிறுநீரை அமிலத்தில் கொதிக்கவைத்து, அதில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று பார்ப்பேன். வேதியியல் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு அந்த ஊர் கொடுத்த முதல் உத்தியோகம். பின்னாளில் நான் கட்டிக்கொண்ட மனிதர் எனக்கு முதலில் ஒரு பாட்டிலாகத்தான் அறிமுகமானார். அதன்மேல் 'நான்கு' என்று எழுதியிருந்தது.

இந்த ஏற்பாடு முழுக்க டாக்டர் எர்மினியா உகார்த்தேயின் யோசனை. வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியவர். நல்ல உயரம். குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயும் கம்பளிக் குல்லாவைக் கழற்ற மாட்டார்.

"கினோவா நல்லது, நல்லதுன்னு புஸ்தகத்துல எழுதறாங்க, டெல்ஃபினா. எவ்வளவு நல்லது? எலிக்குக் குடுத்துப் பாத்தாச்சு. மனுஷனுக்குக் குடுத்துப் பாக்க வேணாமா?" என்றார் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று.

புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. சாப்பாட்டோடு உள்ளே போகும் நைட்ரஜனைவிட வெளியே வருவது அதிகமானால் உடம்பு தன் சதையையே தின்னத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதனால் எல்லோருக்கும் ஒரே அளவு புரதம், அதுவும் குறைவாக. குறைவாகக் கொடுத்தால்தான் அதன் தரம் வெளியே தெரியும். பசிக்கு உருளைக்கிழங்கு மாவும் சர்க்கரையும் எண்ணெயும் வேண்டிய மட்டும். முதலில் சில வாரம் கோதுமைப் புரதம் மட்டும், அடுத்துக் கினோவா மட்டும், கடைசியில் ஒத்துப்பார்க்க முட்டை மட்டும். ஒரு துண்டு இறைச்சி, ஒரு வாய் பால், எதுவும் வெளியிலிருந்து உள்ளே போகக் கூடாது.

இதைக் காவல் காப்பது சமையல்காரி சுல்மாவின் பொறுப்பு. கினோவாவைக் கல்லில் தேய்த்து, நுரை நிற்கும்வரை கழுவிக் கழுவி ஊற்றுவாள். அந்த நுரையில்தான் கசப்பு. எங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் எதுவும் சீக்கிரம் வேகாது. அதனால் அவள் அடுப்பு நாள் முழுக்க எரிந்தது. குளிருக்கு அந்தச் சமையலறையைவிட இதமான இடம் வேறில்லை. எல்லோரும் அங்கேயேதான் கிடப்போம்.

ஆறு பேரில் அதிகம் சத்தம் போடுகிறவன் குரோவர். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன். திருவிழா ஊர்வலத்தில் பிசாசு வேஷம் கட்டி ஆடுகிறவன். ஒத்திகைக்குப் போகக் கூடாது, வேர்த்தால் வேர்வையோடு நைட்ரஜன் போய்விடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவனுக்குத் தீராத குறை.

"ஏம்மா சுல்மா, இன்னிக்கி என்ன விசேஷம்?"

"கினோவாக் கஞ்சி."

"மத்தியானம்?"

"கினோவாச் சோறு."

"சாயங்காலம் கினோவா ரொட்டியா? கொஞ்ச நாள்ல மேயற லாமா மாதிரி துப்ப ஆரம்பிச்சுருவேன், பாரு."

"துப்பறதையும் பாட்டில்ல துப்பு. டெல்ஃபினா அக்கா அளந்து பாக்கட்டும்."

நான்காம் பாட்டிலுக்குச் சொந்தக்காரர் ஃபெர்மின் வாராச்சி. துனுப்பா மலையடிவாரத்துக்காரர், விவசாயம் படித்துக்கொண்டிருந்தார். உப்பு வெளியின் ஓரத்தில் அவர்கள் குடும்பமே கினோவா விதைத்து வாழ்ந்தது. ஆனால் கோதுமை வாரங்களில் எல்லோரையும்விடச் சந்தோஷமாக இருந்தவர் அவர்தான். "தினமும் வெள்ளை ரொட்டி. எங்க ஊர்ப் பாதிரியார்கூட இப்படிச் சாப்பிட்டதில்ல" என்பார். கினோவா வாரங்கள் தொடங்கியதும் பேசாமல் தட்டைக் காலி செய்வார். சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறையில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பார். தலைப்புச் செய்தியிலிருந்து சாவு அறிவிப்பு, காணாமல்போன கழுதை வரைக்கும் எதையும் விடமாட்டார். குரோவரே வாயை மூடிக்கொண்டு கேட்பான்.

கோதுமை வாரங்களில் ஆறு பேருடைய கணக்கும் கீழே போயிருந்தது. கினோவா தொடங்கிய பிறகு மெல்ல மேலே ஏறிற்று. எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் அது தெரியும். முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது. ஒவ்வொரு நாளும் குடுவையில் நிறம் மாறும்போது எனக்குள் ஒரு துள்ளல். என் அப்பா வழியிலும் கினோவா தின்று வளர்ந்தவர்கள்தானே.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை நான்காம் பாட்டிலில் நைட்ரஜன் எகிறியது. கொஞ்சநஞ்சமில்லை. குடுவையெல்லாம் கழுவி, புது அமிலம் எடுத்து மறுபடி செய்தேன். அதே கணக்கு. கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். ஃபெர்மின் சட்டை துவைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"சுல்மா போட்டதத்தான்."

"வேற?"

"வேற காத்து. ஓருரோவுல அது ஒண்ணுதான் ஓசி."

"உங்க பாட்டில் வேற கதை சொல்லுது."

"பாட்டில் பேசுமா?"

"என்கிட்ட பேசும்."

அவர் சட்டையைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"அம்மா வந்திருந்தாங்க. லாரில கினோவா மூட்டை ஏத்திக்கிட்டு. சந்தைக்குப் பின்னாடி போய்ப் பாத்தேன். இந்த வருஷத்துல இப்பத்தான் பாக்கறாங்க. 'ஏண்டா இப்படி இளைச்சுட்ட, என்ன போடறாங்க'ன்னு கேட்டாங்க. கினோவான்னு சொன்னேன். அப்படியே மூட்டை மேல உக்காந்துட்டாங்க."

"அப்புறம்?"

"உப்புக்கண்டம் வேகவெச்சு மூட்டை கட்டிக் கொண்டாந்திருந்தாங்க. பிச்சுப் பிச்சு வாயில வெச்சாங்க. சுத்தி லாரிக்காரங்க நிக்கறாங்க. வாயை மூடிக்கிட்டு எப்படி நிக்கறது, சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

"டாக்டரம்மாவுக்குத் தெரியாமப் பாத்துக்க முடியாதா?" என்றார் மெதுவாக.

"முடியாது. உங்க ஒருத்தர் கணக்கு பொய்யாப் போனா, அந்த அஞ்சு பேரு இத்தனை நாள் வாயைக் கட்டினது வீண்."

"சரி. நீங்க சொல்ல வேணாம். நானே போய்ச் சொல்றேன்."

சொன்னார். டாக்டர் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்: "இறைச்சி மட்டுமா?"

"முட்டையும் இருந்தது, டாக்டரம்மா."

"சீஸ்?"

"கொஞ்சம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "உங்கம்மா இன்னும் ஊர்லதான் இருக்காங்களா? கூட்டிட்டு வா" என்றார்.

தோமாசா அம்மா அன்று பிற்பகலே வந்துவிட்டார். குட்டையான, அகன்ற உடம்பு. கறுப்புத் தொப்பி, முதுகில் மூட்டை. முற்றத்தில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"எம்புள்ளையப் படிக்கத்தான் அனுப்பினேன். கட்டிவெச்சுக் கினோவா போடறதுக்கு இல்ல. அதத் தின்னுதான் ஆகணும்னா ஊர்லயே இருந்திருப்பானே."

"கினோவா கெட்டதாம்மா?" என்றார் டாக்டர்.

"நல்லதா இருந்தா நாங்க ஏன் அத வித்துட்டு மாவும் சேமியாவும் வாங்கறோம்? பெரிய படிப்பு படிச்சவங்க நீங்க. உங்க வீட்டுல அதத்தான் திங்கறீங்களா?"

சுல்மா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் வீட்டுச் சாப்பாடு எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரொட்டி, வெண்ணெய், காப்பி.

"இல்லம்மா. திங்கறதில்ல," என்றார் டாக்டர். "நல்லதா இல்லையான்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும். உங்க பையன் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அவன் இருந்தா முடிச்சதும் நானே உங்க ஊருக்கு வர்றேன். நல்லதுன்னு வந்தாலும் சொல்றேன், இல்லன்னு வந்தாலும் சொல்றேன்."

தோமாசா அம்மா மகனைப் பார்த்தார். ஃபெர்மின் அங்கேயே இருப்பதாகத் தலையாட்டினார். பிறகு அந்த அம்மா சமையலறைக்குள் போய், பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பே இல்ல. இதையா திங்கறான்," என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

மற்ற ஐந்து பேரும் கினோவா முடித்து, முட்டையும் முடித்து, ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் ஃபெர்மின் தனி ஆள். கூட்டமாக இருந்தபோது கேலியில் கழிந்த சாப்பாடு, ஒற்றை ஆளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். அவர் அதைச் சொன்னதில்லை. சமையலறையை விட்டுவிட்டுச் சோதனைக்கூடத்து வாசல்படிக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். உள்ளே குடுவைகள் கொதிக்கும். அமில நெடிக்காக ஜன்னல்களைத் திறந்துவைத்திருப்பேன். காற்று செய்தித்தாளைப் பறிக்கும். அவர் அதை முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டுவார். சுரங்கத்தில் வேலை நிறுத்தம், தலைநகர் லா பாஸில் புது அமைச்சர், தையல் மெஷின் விற்பனைக்கு. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே சொட்டுச் சொட்டாக அளந்தேன். என் வாழ்க்கையில் அதன்பிறகு எத்தனையோ நல்ல நாட்கள் வந்தன. ஆனால் கண்ணை மூடினால் வருவது அந்தப் பிற்பகல்கள்தான். தகரக் கூரை வெயிலில் படபடவென்று விரியும் சத்தம், அமில நெடி, அந்தக் குரல்.

திருவிழாவும் அந்த நாட்களிலேயே வந்தது. ஊரே தெருவில் இருந்தது. வேர்வைக்குப் பயந்து ஃபெர்மின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். துணைக்கு நான். பிற்பகலில் குரோவர், கொம்பு வைத்த பிசாசு முகமூடியோடு, தன் ஆட்டக்காரர்களை எங்கள் தெருவுக்கே திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். தாரை தப்பட்டை காதைப் பிளந்தது. முகமூடியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். ஒரு கையில் சுடச்சுட ஊதாச் சோளக் கஞ்சி, மறு கையில் சீஸ் வைத்துப் பொரித்த பெரிய பணியாரம்.

"இந்தா, நரகத்துலேர்ந்து கொண்டாந்தேன். ஒரு கடி கடி. யாருக்குத் தெரியப்போவுது?"

"இவங்களுக்குத் தெரியும்," என்று ஃபெர்மின் என்னைக் காட்டினார்.

"அப்ப ஆயுசுக்கும் நீ ஒண்ணும் திருட்டுத்தனமாத் திங்க முடியாது. பாவம்டா நீ," என்று சொல்லி முகமூடியை இறக்கிக்கொண்டு குரோவர் ஆடிக்கொண்டே போனான்.

பணியாரம் ஃபெர்மின் கையில் ஆவி பறந்தது. சீஸ் வாசனை அறை முழுக்க. அவர் அதை என்னிடம் நீட்டினார்.

"நீ சாப்பிடு. நான் பாக்கறேன்."

அதுவரை 'நீங்க'தான். நான் அதைக் கவனித்தேன் என்பதை அவரும் கவனித்தார். தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சாப்பிட்டேன். சூட்டில் நாக்கு வெந்துபோனது.

அவருடைய முட்டை வாரங்களும் முடிந்தன. கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். முட்டைக்குக் கொஞ்சம் கீழே கினோவா. கோதுமை அதற்கும் நன்றாகக் கீழே. அதே அளவு கோதுமைப் புரதத்தில் கரைந்துகொண்டிருந்த உடம்புகள், கினோவாவில் நிலைத்து நின்றிருந்தன. டாக்டர் குல்லாவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவருக்கு நரை இருந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சொன்னபடியே ஊருக்குப் போனோம். உப்பு வெளியைச் சுற்றிக்கொண்டு லாரியில் பயணம். பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஆண்கள் ஒரு பக்கம் சுவரோரமாக நின்றார்கள், பெண்கள் தரையில் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார்கள். தோமாசா அம்மா முன் வரிசையில்.

டாக்டர் சுவரைத் தட்டிக் காட்டினார். "இந்த மண் கல்லுக்கு மண்ணும் வேணும், வைக்கோலும் வேணும். மண்ணு மலை மாதிரி கிடக்கு, வைக்கோல் ஒரு பிடிதான் இருக்குன்னா எத்தனை கல்லு அறுப்பீங்க?"

"வைக்கோல் இருக்கற மட்டும்," என்றார் ஒருவர்.

"உடம்பும் அப்படித்தான். சதை கட்டறதுக்குப் பல சாமான் வேணும். அதுல ஒண்ணு பேரு லைசின். கோதுமையில அது குறைச்சல். அதனால மத்ததெல்லாம் இருந்தும் வீணாப் போவுது. கினோவாவுல எல்லாம் போதுமான அளவுல இருக்கு."

"அப்ப முட்டை மாதிரியா?"

"முட்டைக்குக் கொஞ்சம் கீழ. ஆறு பேர வெச்சுத்தான் பாத்திருக்கேன். அதுக்கு மேல சொன்னா பொய்."

"வெல ஏறுமா, டாக்டரம்மா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். தோமாசா அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நூற்கும் கதிரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"பால் மறந்த புள்ளைக்கு வெறும் மாவுக் கஞ்சி குடுத்தா?"

சிரிப்பு நின்றது. ஃபெர்மின் தரையைப் பார்த்தார். அவருக்குப் பின் செவெரினா என்று ஒரு தங்கை பிறந்தாள் என்றும், பால் மறக்கடித்த பிறகு கால் வீங்கி, முடி வெளுத்துச் செத்துப்போனாள் என்றும் எனக்கு அதற்கு முன்பே சொல்லியிருந்தார். அந்த வருடம் நல்ல விளைச்சல். மூட்டைகளையெல்லாம் விற்று, பெண் குழந்தை ஆயிற்றே என்று ஆசையாக வெள்ளை மாவு வாங்கி வந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் கூட்டத்தின் நடுவே போய் அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மாவு மட்டும் போதாதும்மா. ஆனா அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாது. வயித்துப்போக்கு இருந்ததா?"

"இருந்துச்சு."

"ஜொரம்?"

"இருந்துச்சு."

"அப்ப நான் எதச் சொல்ல?"

"நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்," என்றார் தோமாசா அம்மா. "வெள்ளையா, மெதுவா இருந்துச்சு."

"தெரியும்மா."

மற்ற பெண்கள் ஒவ்வொருவராக மறுபடி நூற்கத் தொடங்கினார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

அடுத்த வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்துப் பல்கலைக்கழகங்களை மூடியது. கினோவா வீட்டைப் பூட்டிவிட்டு டாக்டர் வெளிநாடு போனார். எங்கள் கணக்கு அங்கே ஏதோ ஒரு சஞ்சிகையில் வந்தது. எங்கள் ஊரில் அதைப் படித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். கினோவாவை உலகம் முழுக்கத் தேடித் தேடி வாங்கும் காலம் வெகு காலத்துக்குப் பிறகுதான் வந்தது. அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. ஃபெர்மினும் நானும் கல்யாணம் செய்துகொண்டு சல்லாபாத்தாவில் பள்ளிக்கூட வேலைக்குப் போனோம். கொச்சபாம்பாவில் மகள் வீட்டுக்கு அருகே அவரைப் புதைத்து இரண்டு ஆகஸ்ட் ஆகிறது. காற்று இல்லாத ஊர் அது. அவருக்குப் பிடிக்கவே இல்லை.

கல்யாணமான வருடம் அறுவடைக்குத் துனுப்பா அடிவாரத்துக்குப் போயிருந்தோம். நான் அப்போது மாசமாக இருந்தேன். கதிரடித்து, காற்றில் தூற்றி, மூட்டை கட்டி அடுக்கியிருந்தார்கள். வழக்கமான வியாபாரி லாரியோடு வந்து, ஆட்களை விட்டு ஏற்றச் சொன்னான். சுவரோரம் தனியாகக் கிடந்த ஒரு மூட்டையையும் ஓர் ஆள் தூக்கப் போனான். தோமாசா அம்மா அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தே, எந்திரிங்க. அதையும் ஏத்தணும்," என்றான் வியாபாரி.

"இது போவாது."

"ஏன், விதைக்கா?"

"விதை உள்ள இருக்கு. இது திங்கறதுக்கு."

"மாவு கொண்டாந்திருக்கேன், சேமியா கொண்டாந்திருக்கேன். இந்தத் தடவை நல்ல சேமியா. வேணாமா?"

"வேணும். ஏன் வேணாம்? ரெண்டு பொட்டலம் இறக்கிவை," என்றார் தோமாசா அம்மா, மூட்டையை விட்டு எழாமலே.